தாமத மாமா

மார்ச் 3, செவ்வாய்

தியோ வீட்டுக் கடிகாரம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள், பதினொன்று தாண்டிவிட்டது. மேடம் தியோவின் மகன் பூன் ஹாக்குக்கு ஏதோ கூட்டமாம். வாடகைக் காரில் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இருநூறு வருஷத்துப் பொருளைக் கொத்தமல்லிக் கட்டு மாதிரி கொடுத்தனுப்புகிறார்கள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லக்கூடாது. பின் இருக்கையில் மரப்பெட்டியை வைத்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தபடியே வந்திருக்கிறாள். பெயர் மாரியாயி. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் வேலை. தாமதத்துக்கு அவளே காரணம் சொன்னாள்.

"வழியில எங்க பிளாட்டுல நிறுத்துனேன்க்கா. மக சாவிய மறந்துட்டுப் போயிட்டா. பொட்டிய உட்டுட்டு எறங்க பயமா இருந்துச்சு, கீழ வந்து வாங்கிக்கடின்னுட்டேன். அவ வந்து சேர நேரமாயிருச்சு லா."

மாலையில் பூன் ஹாக் போன் செய்தார். சுத்தம் செய்து ஓட வைத்தால் போதும், எதையும் மாற்றக்கூடாது. ஏப்ரலில் சிங்கப்பூர் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், பிடித்தால் ஆறு மாதம் காட்சிக்கு வைப்பார்கள். எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று எரிச்சலாக இருந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்தேன்.

கடைக்கு முன்னால் சாக்கடை மறுபடி அடைத்துக்கொண்டது. நகராட்சிக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். அதன்பிறகு மதியம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை. ஜார்ஜ் டவுனில் முப்பது வருஷமாகக் கடிகாரம் பிரிக்கிறேன், இப்படி ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

சீனத்துக் காண்டன் பட்டறை வேலை. மூன்று அடுக்கு. கீழே நீல எனாமல் போட்ட பேழை. பூவாக வெட்டிய தங்கத் தாளை அடியில் ஒட்டி, அதன்மேல் எனாமல் பொடியைப் பரப்பிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். குளத்துக்கு அடியில் பூ கிடப்பது போல நீலத்துக்குள் தங்கம் தெரிகிறது. சூடு ஒரு பிடி கூடியிருந்தால் எல்லாம் வெடித்துப் போயிருக்கும். நடு அடுக்கில் ஒரு குகை, அதில் அருவி. தண்ணீர் கிடையாது, முறுக்கிய கண்ணாடிக் குச்சிகள். உள்ளே சக்கரம் ஓடும்போது குச்சிகள் நின்ற இடத்திலேயே சுழலும், பார்க்கிறவருக்கு அருவி கொட்டும். மேலே பொன்முலாம் மண்டபம், வெள்ளை முகப்பு, அதற்குக் கீழே ஒரு சின்ன இரட்டைக் கதவு.

பின்தகட்டில் கொடியும் பூவும் செதுக்கி நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். உற்றுப் படித்தால் அது பெயரே இல்லை. லண்டன் கடிகாரத்துக்கு மவுசு இருந்த காலம். ஆங்கிலம் தெரியாத காண்டன் ஆள் எழுத்தின் உருவத்தை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறான், ஓர் எழுத்து தலைகீழாகவே நிற்கிறது. சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தக் கொடியின் வளைவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

எல்லாவற்றையும் பிரித்துக் கழுவியாயிற்று. பழைய எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. சுருள்வில்லை இழுக்கும் சங்கிலியைப் பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்கவே முடியாது, எறும்புக்கு சைக்கிள் செய்தால் இப்படித்தான் சங்கிலி போட வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் ஒரே குறி: மூன்று கோடு, ஒரு புள்ளி. ஒரே ஆள் செய்து, ஒரே கடிகாரத்துக்கென்று குறித்து வைத்த பாகங்கள்.

பூட்டி ஓடவிட்டேன். அருவி கொட்டியது. மணி பதினொன்று அடித்தது. அடித்து ஓய்ந்து, அறை அடங்கி, நான் எழுந்து போகலாம் என்று நினைத்த பிறகு கதவு திறந்து ஒரு பொன் கிழவர் வெளியே வருகிறார். கையில் பீச் பழம், சீனருக்கு அது நீண்ட ஆயுள் தரும் பழம். யாருமே இல்லாத திசையில் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இவர் மணி அடிக்கும்போதல்லவா வர வேண்டும்? எனக்குத் தாங்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் என்னால் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. அம்மா இதற்காகவே என்னை எங்கும் கூட்டிப்போக மாட்டாள்.

மார்ச் 12, வியாழன்

ஒரு சின்னக் குறை இருந்தது. சரிசெய்தேன்.

மார்ச் 14, சனி

கிழவர் இப்போது முதல் மணிக்கே கதவைத் திறக்கிறார். கடைசி மணி அடிக்கும்போது குனிகிறார். இன்று ஆறு முறை பார்த்தேன், ஆறு முறையும் தனியாகக் கைதட்டினேன். பொன்முலாமும் பளிச்சென்று வந்திருக்கிறது. செய்தவனே பார்த்தாலும் சபாஷ் சொல்லுவான்.

மார்ச் 17, செவ்வாய்

பூன் ஹாக் காரில் வந்து கடிகாரத்தையும் என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மேடம் தியோவுக்கு எண்பத்தேழு வயது. கண் கொஞ்சம் மங்கல், காதும் நாக்கும் நல்ல கூர்மை. நாற்காலியில் சாய்ந்து அவரும், பின்னால் நின்று மாரியாயியும், மூன்று மணி அடிக்கக் காத்திருந்தோம்.

முதல் மணிக்குக் கதவு திறந்தது. நான் மேடம் தியோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை போல.

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இது என்னுடையது இல்லை."

"அம்மா, சுத்தம் செய்திருக்கிறார்கள், அதனால் பளபளப்பு" என்றார் மகன்.

"பளபளப்பை யார் சொன்னது? என்னுடைய ஆள் நேரத்துக்கு வர மாட்டான். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாமதம்தான். இவன் பெயரே தாமத மாமா. உன் அப்பா ராத்திரி நேரம் கழித்து வந்தால், 'அந்த மாமா மாதிரி நானும் எப்படியும் வந்துவிடுவேன்' என்பார். அவர் போன பிறகு தினமும் நான் இவனுக்காகத்தான் உட்கார்ந்திருப்பேன். இது வேறு ஆள். என் கடிகாரத்தை யாரோ மாற்றிவிட்டார்கள்."

மேடம் தியோ மெல்லத் தலையைத் திருப்பி மாரியாயியைப் பார்த்தார்.

நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பூன் ஹாக் 'எதையும் மாற்றக்கூடாது' என்று சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கிழவி நாளைக்குச் சமாதானமாகிவிடுவார் என்று எண்ணிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

பூன் ஹாக் போன் செய்தார். இரண்டே கேள்வி.

உங்கள் கடைக்கு வந்த கடிகாரமும் நீங்கள் திருப்பிக் கொடுத்த கடிகாரமும் ஒன்றுதானா? ஒன்றேதான் என்றேன். அது உண்மை.

அன்று மாரியாயி எத்தனை மணிக்கு வந்தாள்? பத்துக்கு எதிர்பார்த்தேன், பதினொன்று தாண்டி வந்தாள் என்றேன். அதுவும் உண்மை.

மூன்றாவதாக ஏதாவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

சாக்கடை ஆட்கள் வந்தார்கள். ஒரு சுவர்க்கடிகாரமும் இரண்டு கைக்கடிகாரமும் பழுதுக்கு வந்தன. தலைவலி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மாரியாயி வந்தாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"போலீசுக்குப் போவ மாட்டோம், பத்தொம்பது வருசம் இருந்துட்ட, அப்படியே போயிருன்னு சொல்லிட்டாங்கக்கா. நான் கொண்டாந்தது இந்தக் கடிகாரம்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சொல்லிட்டேன்மா. வந்ததும் போனதும் ஒன்னுதான்னு சொல்லிட்டேன்."

"அப்புறமும் ஏங்க்கா நம்ப மாட்றாங்க?"

அப்புறமும் ஏன் நம்புவார்கள்? என் கடைக்கு வருவதற்கு முன்பே, அவளுடைய பிளாட்டில் மாறிவிட்டது என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். நான் சொன்னதிலிருந்து வேறு அர்த்தம் எடுக்கவே முடியாது. போனை வைத்த அந்த நிமிஷமே எனக்கு அது தெரியும். புதன்கிழமைப் பக்கத்தில் அதை எழுதவில்லை.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "மேடத்துக்கு ராத்திரி மாத்திர ரெண்டா ஒடச்சிக் குடுக்கணும், புதுசா வர்றவளுக்கு யாரு சொல்லுவா" என்றாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

என் வீட்டு வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். மேல்மாடியில் நான் ஒருத்திதான், கீழே கடை. அப்படி ஒன்றும் வேலை கிடையாது. அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருக்கும் இடத்திலேயே பழியையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

வீடு இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. மீன் சம்பால் நன்றாக வைக்கிறாள். வாயில் வைத்தால் இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வெள்ளி

காலையில் கதவைத் திறக்கும்போதே, "பசியாறிட்டீங்களாக்கா? தண்ணி கலக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டுக் கடையையும் துடைக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டாள்.

"இது என்னாக்கா, தனியாப் பஞ்சுல சுத்தி வெச்சிருக்கீங்க?"

"அது ஒன்னுமில்ல. பழைய சாமான்."

அவள் அதைத் தன் முந்தானையில் துடைத்து, பஞ்சில் திரும்பச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இனி எழுதாமல் இருப்பதில் பயனில்லை. அது ஒரு பித்தளைத் தட்டு, விளிம்பில் ஒரு பள்ளம். தட்டு சுற்றும்போது ஒரு நெம்புகோல் அந்தப் பள்ளத்தில் விழும், அப்போதுதான் கிழவரின் கதவு திறக்கும். பள்ளம் எட்ட இருந்ததால் கிழவர் தாமதமாக வந்தார். நான் புதுத் தட்டு ஒன்று வெட்டி, பள்ளத்தைக் கிட்டே வைத்துப் பொருத்திவிட்டேன். பழைய தட்டைக் கழற்றினால் அதை உடையவரிடம் கொடுத்து, மாற்றியதைச் சொல்ல வேண்டும். இது எங்கள் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. கழற்றிய தட்டைத் திருப்பிப் பார்த்தேன், பொருத்துவதற்கு முன்னாலேயே பார்த்தேன். அதிலும் மூன்று கோடு, ஒரு புள்ளி. அது தேய்மானமும் இல்லை, பின்னால் வந்தவன் செய்த கோளாறும் இல்லை. கடிகாரத்தைச் செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். தெரியாமல் தவறினானோ, வேண்டுமென்றே கிழவரைக் காக்க வைத்தானோ, அது அவன் விஷயம். பார்த்துவிட்டும் மாற்றினேன். எனக்குக் கோணலாகப்பட்டது, அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்து ஆள் வந்து போகட்டும். அப்புறம் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 4, சனி

அருங்காட்சியகத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். உள்வேலை எதுவும் கைபடாமல் இருக்கிறது என்று என்னைப் புகழ்ந்தாராம். மே மாதம் எடுத்துப் போகிறார்களாம். பூன் ஹாக் சந்தோஷமாகச் சொன்னார். "அம்மா மட்டும் அது போலி, எங்கேயாவது கொண்டுபோங்கள் என்கிறார்" என்று சிரித்தார். அப்படியானால் மாரியாயி எதை எடுத்தாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சொன்னால் காட்சி போய்விடும், என் பெயரும் போய்விடும். மே மாதம் கழித்துச் சொல்லலாம்.

கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் முழுக்க அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

மாரியாயி வரவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் வந்தாள், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. விழுந்துவிட்டேன் என்றாள். இரண்டு முறை கேட்டபிறகு சொன்னாள்.

பிளாட்டில் கீழே சாப்பாட்டுக் கடையில் ஒருத்தி இவள் மகளைப் பார்த்து, "உங்கம்மா அந்தச் சீனக் கடிகாரத்த வித்துத்தான் உனக்குக் கல்யாணம் பண்ணப் போறாளா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் கையை ஓங்க, இவள் நடுவில் போய் அடி வாங்கியிருக்கிறாள்.

"அவ கேட்டதுகூட பரவால்லக்கா. மக ராத்திரி எங்கிட்ட கேக்கறா, 'அம்மா, நெசமா சொல்லு, எடுக்கல இல்ல?'ன்னு."

நான் ஐஸ் எடுக்க உள்ளே போனேன். ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு வேலை இருக்கிறது, கூட வா என்று மட்டும் சொல்லி மாரியாயியைத் தியோ வீட்டுக்கு அழைத்துப்போனேன். வாசலிலேயே நின்றுகொண்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

பூன் ஹாக்கிடமும் மேடம் தியோவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மலாயில் சொன்னேன், மாரியாயிக்கும் புரியட்டும் என்று. தட்டைக் காட்டினேன். அவர்கள் கண் முன்னாலேயே கடிகாரத்தைத் திறந்து என்னுடைய தட்டைக் கழற்றி, பழையதைப் பொருத்தினேன். கை நழுவி ஒரு திருகு தரையில் விழுந்தது. வழக்கம்போல மாரியாயிதான் குனிந்து தேடப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். நானே தவழ்ந்து எடுத்தேன்.

முள்ளை நகர்த்தி மணி அடிக்க வைத்தேன். அடித்து ஓய்ந்தது. எல்லோரும் காத்திருந்தோம். கிழவர் நிதானமாக வந்து குனிந்தார்.

மேடம் தியோ அசையவில்லை.

"நான் தாமதம் என்று சொன்னேன். நீ தாமதமாக்கிக் கொண்டு வந்திருக்கிறாய்" என்றார்.

"இல்லை மேடம், இதுதான் பழைய தட்டு. இந்தக் குறியைப் பாருங்கள்..."

"என் கண்ணுக்குக் குறி தெரியாது. உன்னால் எந்தக் கடிகாரத்தையும் தாமதமாக்க முடியும், முடியாதா?"

முடியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

"இவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள்?"

"என் வீட்டில்."

"அதுதான்" என்றார். "நீயும் தமிழ், அவளும் தமிழ். பாவப்பட்டு அவளுக்காகப் பேசுகிறாய். நல்ல மனசு. ஆனால் அன்றைக்கு, மூன்று மணி அடித்தபோது, நீ இதே இடத்தில்தான் நின்றாய். அப்போது ஏன் சொல்லவில்லை?"

கருவிகளைப் பையில் எடுத்து வைத்தேன். பூன் ஹாக் வாசல் வரை வந்தார். அவர் நம்பிவிட்டார். என்னிடம் கோபமாக இரண்டு வார்த்தை பேசினார், மாரியாயியிடம் மன்னிப்புக் கேட்டார். "ஆனால் வீடு அம்மாவுடையது. இந்த வயதில் அவரை மாற்ற என்னால் முடியாது" என்றார். மேடம் தியோ உள்ளேயிருந்து, கடிகாரத்தைத் துணி போட்டு மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் மாரியாயி என் பக்கத்தில் உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

"நம்பியிருப்பாங்க."

"நான் உங்க வீட்டுக்கு வந்து அத்தன நாளு தண்ணி கலக்கிக் குடுத்தேனே, அப்பவும் தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"அந்தத் தட்ட என் முந்தானையில தொடச்சேன்."

மன்னித்துவிடு என்றேன். இந்த வார்த்தையைச் சொல்ல இத்தனை நாள் பயந்தேன், சொன்னபோது அதற்கு எடையே இல்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீங்க நல்லாத் தூங்குவீங்க. நான் சொல்ல மாட்டேன்." பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பினாள். "மேடம் நம்பாட்டிப் போவட்டும். ஞாயித்துக்கெழம எங்க பிளாட்டுக்கு வாங்க. கீழ சாப்பாட்டுக் கடைக்கு. எம்மக இருப்பா, அன்னைக்கு அப்படிக் கேட்டவளும் இருப்பா, எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க."

ஏப்ரல் 10, வெள்ளி

மாரியாயி வரவில்லை. அருங்காட்சியகத்துக்கு நானே போன் செய்து, தட்டை மாற்றியதையும் திரும்பப் பொருத்தியதையும் சொல்லிவிட்டேன். இனி அவர்கள் வேலை எதுவும் எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் தேவலை என்று நினைத்தேன். என்ன பிறவி நான்!

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன்.

பசியாறும் நேரம், கடையில் ஒரு நாற்காலி காலியில்லை. மாரியாயி நடுவில் ஒரு மேசை பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். வேலை செய்யும் சேலை இல்லை, நல்ல பச்சைச் சேலை, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். மகள் அவள் அருகில் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் அவர்கள் பிளாட்டுக்கு முதல்முறை போனேன்.

என் பெயர் லோகநாயகி, கடிகாரம் பழுது பார்க்கிறவள் என்று ஆரம்பித்தேன். தியோ வீட்டுக் கடிகாரத்தை யாரும் திருடவில்லை, மாற்றவில்லை, அதில் ஒரு பாகத்தை நான்தான் மாற்றினேன், கேட்டபோது சொல்லாமல் இருந்துவிட்டேன், மாரியாயி மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். முதல் மேசைக்காரர்கள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மற்ற மேசைகளில் தட்டுச் சத்தம் ஓயவில்லை. முடித்துவிட்டேன் என்று நினைத்து மாரியாயியைப் பார்த்தேன்.

அவள் கடையின் கடைக்கோடி மேசையைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மகளை அப்படிக் கேட்டவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"அங்க கேக்கலக்கா. மொதல்லேர்ந்து சொல்லுங்க. சத்தமா."